‘மா வ்லஸ்த்’ ஆறையும் ஒரே மாலையில் கேட்க: முதல்முறை போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

‘மா வ்லஸ்த்’ என்றால் செக் மொழியில் ‘என் தாயகம்’. செக் இசையமைப்பாளர் ஸ்மெதனா எழுதிய ஆறு சிம்பொனிக் கவிதைகளின் தொகுப்பு இது; ஒரு கதையையோ காட்சியையோ பாட்டில்லாமல் ஆர்கெஸ்ட்ரா என்ற பெரிய இசைக்குழுவே சொல்வதுதான் சிம்பொனிக் கவிதை. ஒவ்வொன்றும் 10 முதல் 15 நிமிடம், எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய 80 நிமிடம். இரண்டாவதாக வரும் ‘வல்தாவா’வை எங்காவது ஒருமுறை கேட்டிருப்போம். அந்த ஒன்றை நம்பிப் போனவர்கள் நாலாவதில் தலை சாய்ந்துவிடுவதைப் பக்கத்து இருக்கையிலிருந்து பல தடவை பார்த்திருக்கிறேன். முதல் தடவை சாய்ந்தது என் தலைதான்.

இசையில் குறை இல்லை, தயாரிப்பு தலைகீழாக இருந்தது. ஆறு பகுதிக்கும் கதைச்சுருக்கத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன், காதில் ஒரு மெட்டுகூட இல்லை. கதை தெரிந்தும் அது எங்கே நடக்கிறது என்று பிடிபடவில்லை. இந்த ஆறும் இரண்டே மெட்டுகளில் தொங்குகின்றன: நாலு சுரம் கொண்ட ஒன்று, ஒரு பழைய பாட்டு இன்னொன்று. அவை இரண்டும் முதலில் காதில் ஏற வேண்டும், கதையெல்லாம் அதற்கப்புறம். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன, மாற்றிச் செய்யாதீர்கள்.

1. முன்கூட்டியே தேவைப்படுபவை

பத்து நாள் அவகாசம் வேண்டும். தினமும் அரை மணி நேரம் போதும், ஆனால் கடைசி நாளில் மொத்தமாக உட்கார்ந்து கேட்பது பலிக்காது. இரண்டு மெட்டுகளும் நீங்கள் வேறு வேலையாக இருக்கும்போது தானாக நினைவுக்கு வரும் அளவுக்குப் பழக வேண்டும். அதற்கு நடுவில் சில இரவுகள் கழிய வேண்டும்.

ஒரே ஒரு பதிவு வேண்டும். செக் ஃபில்ஹார்மோனிக் என்ற ஆர்கெஸ்ட்ரா வாசித்து, கரேல் அன்செர்ல் நடத்திய 1963 பதிவு தெளிவாக இருக்கும். ரஃபாயெல் குபெலிக் 42 ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு 1990இல் செக் தலைநகர் பிராகுக்குத் திரும்பி நடத்திய கச்சேரியின் பதிவும் கிடைக்கிறது. எதையாவது ஒன்றை எடுத்துக்கொண்டு அதிலேயே இருங்கள். நாலு பதிவை மாற்றி மாற்றிக் கேட்டால் வேகமும் அழுத்தமும் மாறிக்கொண்டே இருக்கும், மெட்டு காதில் உட்காராது. பதிவுகளை ஒப்பிடுவது இரண்டாம் வருடத்து வேலை.

ஸ்கோர் (இசைக் குறியீட்டுத் தாள்) வேண்டாம். மேற்கத்திய இசைக் குறியீடு படிக்கத் தெரிந்தவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன், முதல் தடவை கண்ணைத் தாளில் வைத்தால் காது பின்தங்கிவிடும்.

2. சரியான கச்சேரிக்கு டிக்கெட் எடுப்பது

அதிகம் பேர் கவிழ்வது இங்கேதான். பிராகின் பழைய நகரப் பகுதியில் நடந்தால் கையில் துண்டுப் பிரசுரம் திணிப்பார்கள். ‘ஸ்மெதனா, மோட்ஸார்ட், விவால்டி, இன்று மாலை’ என்று போட்டிருக்கும். போனால் ஒரு தேவாலயத்தில் ஐந்தாறு பேர் உட்கார்ந்து ‘வல்தாவா’வைச் சுருக்கி வாசிப்பார்கள். இனிமையாகவே இருக்கும், ஆனால் நீங்கள் தேடி வந்தது அது இல்லை. இரண்டு ஹார்ப் (பெரிய மேற்கத்திய யாழ்), நாலு ஹார்ன் (வளைந்த பித்தளை ஊதுகருவி), ட்ராம்போன்கள், டிம்பனி (பெரிய முரசு) எல்லாம் இல்லாமல் இந்த இசைக்கு உடம்பே கிடையாது.

டிக்கெட் எடுக்கும் முன் மூன்றைப் பாருங்கள். ஆர்கெஸ்ட்ராவின் பெயரும் அதை நடத்தும் கண்டக்டரின் பெயரும் போட்டிருக்க வேண்டும். நிகழ்ச்சி நிரலில் ஆறு தலைப்பும் இருக்க வேண்டும், இல்லையென்றால் ‘முழுத் தொகுப்பு’ என்றாவது இருக்க வேண்டும். நேரம் ஒன்றேகால் மணிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் தைரியமாக எடுக்கலாம்.

பெரிய வாய்ப்பு மே 12. ஸ்மெதனாவின் நினைவு நாளான அன்று, ‘பிராக் வசந்தம்’ இசைவிழா ‘மா வ்லஸ்த்’துடன் தொடங்குவது வழக்கம். இடம் ஒபெட்ஸ்னி டூம் என்ற நகர மன்றக் கட்டடத்தில் உள்ள ஸ்மெதனா அரங்கம். பெரும்பாலும் மறுநாளும் அதே கச்சேரி நடக்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் 13ஆம் தேதியைத்தான் சொல்வேன். இசை அதேதான், முதல் நாளின் உடைக் கெடுபிடியும் பரபரப்பும் குறைவு. இரண்டுக்கும் பல மாதம் முன்பே இடம் பிடித்தாக வேண்டும்.

இருக்கை எங்கே? மாடி. ஹார்ன் வாசிப்பவர் கருவியைத் தூக்குவதும் டிம்பனிக்காரர் குச்சியை மாற்றுவதும் மேலிருந்துதான் தெரியும். அடுத்து எங்கே கவனிப்பது என்று அவையே காட்டிக்கொடுத்துவிடும். தரைத்தளத்தின் முன்வரிசையில் காசு கொட்டி உட்கார்ந்தால் வயலின்காரர்களின் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

3. முதல் மெட்டு: நாலு சுரம்

பத்து நாளில் முதல் மூன்று நாள் இதற்கு மட்டும். முதல் பகுதியான ‘விஷெஹ்ராட்’டின் முதல் இரண்டு நிமிடத்தைப் போடுங்கள். இரண்டு ஹார்ப்கள் மட்டும் வாசிக்கும், வேறு எதுவும் கிடையாது. அதில் நாலு சுரம் வரும். நம் கணக்கில் சொன்னால்: கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி ஷட்ஜத்துக்குத் தாவி, அதை ஒட்டிக் கீழே இருக்கும் காகலி நிஷாதத்தைத் தொட்டு, மறுபடி அதே பஞ்சமத்தில் இறங்கும். ப ச நி ப. பாடிப் பாருங்கள், பத்து விநாடி வேலை.

இந்த நாலும் விஷெஹ்ராட் கோட்டைப் பாறையின் அடையாளம். முதல் பகுதியின் தொடக்கத்தில் வரும், இரண்டாவதின் கடைசியில் வரும், ஆறாவதின் உச்சியில் வரும். இது தெரிந்துவிட்டால், எண்பது நிமிடத்தில் எங்கே இருக்கிறோம் என்று தேடும்போது மூன்று மைல்கல்லாவது கையில் இருக்கும்.

இங்கே நடக்கும் பிழை ஒன்று: ஹார்ப் ஒலியில் மயங்கி, ஒலியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது. அப்புறம் அதே நாலு சுரம் ட்ரம்பெட்டிலும் ட்ராம்போனிலும் வரும்போது அடையாளம் தெரியாது. அதனால்தான் பாடச் சொல்கிறேன். குரலில் ஏறிய மெட்டு எந்தக் கருவிக்குள் ஒளிந்தாலும் பிடிபடும். பாடத் தயக்கமாக இருந்தால் சீட்டியடித்தால் போதும்.

ரயிலில் பிராக் போகிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. நகரின் முக்கிய ரயில் நிலையத்தில் அறிவிப்புக்கு முன்னால் ஒலிப்பது இந்த மெட்டுதான். ஒரு நண்பரை அங்கே நிறுத்தி வைத்துக் கேட்கச் சொன்னேன். மூன்றாவது அறிவிப்பில், “அட, இதுவா!” என்றார். அதற்கப்புறம் அவருக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

4. இரண்டாவது மெட்டு: ஹுஸைட் பாட்டு

அடுத்த இரண்டு நாள் ஐந்தாவது பகுதிக்குத் தாவுங்கள். ஆமாம், நடுவில் இருப்பதை விட்டுவிட்டு. ‘தாபோர்’ முழுக்க ஒரே பாட்டிலிருந்து கட்டப்பட்டது. 15ஆம் நூற்றாண்டில் ஹுஸைட் என்ற சமயக் கிளர்ச்சிக்காரர்கள் பாடிய போர்ப்பாட்டு அது. ‘கடவுளின் போர்வீரர்கள் நீங்கள்’ என்கிற பொருளில் தொடங்கும். தாபோர் அவர்களுடைய ஊர்.

பாட்டை முதலில் மனிதர்கள் பாடியே கேளுங்கள், கோரஸ் பதிவுகள் எளிதாகக் கிடைக்கும். காரணம் இருக்கிறது. ஸ்மெதனா பாட்டை நேராக எடுத்து வைக்க மாட்டார். முதல் அடியிலிருந்து ஒரு துண்டை மட்டும் பிய்த்து, ஹார்ன்களிடம் கொடுத்து, ஒரே சுரத்தைத் தட்டித் தட்டி ஊத வைப்பார். கதவை யாரோ இடிப்பதுபோல இருக்கும். முழுப்பாட்டு தெரியாதவருக்கு அது வெறும் இடி. தெரிந்தவருக்கோ, அடுத்த அடி எப்போது வரும் என்ற தவிப்பு தொடங்கிவிடும். ‘தாபோர்’ பகுதியே அந்தத் தவிப்புதான்.

அப்புறம் நிறுத்தாமல் ஆறாவதான ‘பிளானீக்’கைப் போடுங்கள். ஐந்தாவது எந்த இடியில் முடிந்ததோ அதே இடியில் ஆறாவது தொடங்கும். இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் இந்த ஒட்டு தெரியாது. ஐந்தாவதை இன்றைக்கும் ஆறாவதை நாளைக்கும் என்று பிரித்துக் கேட்டவர்கள் எல்லோரும், “ஐந்தாவது அரைகுறையாக முடிகிறதே” என்றுதான் சொன்னார்கள். அரைகுறைதான். மீதி ஆறாவதில் இருக்கிறது.

5. இப்போது கதை, ஆளுக்கு இரண்டே வரி

இதற்கு மேல் படிக்காதீர்கள். அதிகம் படித்தால் ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு காட்சியைத் தேடத் தொடங்குவீர்கள். அந்த வேலைக்கு இந்த இசை ஒத்துழைக்காது.

விஷெஹ்ராட்: ஆற்றங்கரைப் பாறையில் பழைய அரசர்களின் கோட்டை. பாணன் ஒருவன் யாழை மீட்டி அதன் பெருமையை நினைக்கிறான், கோட்டை வீழ்கிறது, நினைவு மட்டும் மிஞ்சுகிறது.

வல்தாவா: இரண்டு ஊற்றிலிருந்து ஆறு பிறக்கிறது. காட்டு வேட்டை, கிராமத்துக் கல்யாணம், நிலவொளியில் நீர்த்தேவதைகள், பாறை அருவி, பிராக், கடைசியில் விஷெஹ்ராட்.

ஷார்கா: பெண் வீரர்களின் கதை. ஷார்கா தன்னை மரத்தில் கட்டிக்கொண்டு ஸ்திராட் என்ற வீரனை ஏமாற்றி, அவன் ஆட்களுக்குக் குடிக்கக் கொடுத்துத் தூங்க வைத்து, கொம்பு ஊதித் தோழிகளை அழைக்கிறாள். கொலை.

பொஹீமியாவின் வயல்களும் காடுகளும்: கதை இல்லை.

தாபோர்: போருக்கு முன் இருக்கும் பிடிவாதம்.

பிளானீக்: அந்தப் பெயருள்ள குன்றுக்குள் வீரர்கள் தூங்குகிறார்கள். நாட்டுக்கு மிக மோசமான நாள் வரும்போது எழுந்து வருவார்கள்.

நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் இன்னொரு கதையும் இருக்கும். இந்தத் தொகுப்பை எழுதத் தொடங்கிய 1874இலேயே ஸ்மெதனாவுக்குக் காது முழுக்கக் கேட்காமல் போய்விட்டது. உண்மைதான். ஆனால் அதைப் படித்துவிட்டு, மெதுவாக வரும் இடத்திலெல்லாம் அவருடைய சோகத்தைத் தேடுகிறவர்களைப் பார்க்கிறேன். அந்த வேதனையை அவர் ‘என் வாழ்விலிருந்து’ என்ற நால்வர் இசையில் தனியாக எழுதி வைத்திருக்கிறார். இங்கே தேடாதீர்கள்.

6. பதிவைக் கேட்கும் வரிசை

மீதி நாட்களில் இப்படி: ஒருநாள் ஒன்றும் இரண்டும் சேர்த்து. மறுநாள் ஐந்தும் ஆறும் சேர்த்து. அதற்கடுத்த நாள் மூன்றாவது. கடைசியாக நாலாவது. அதற்கு மேல் நாள் மிச்சமிருந்தால் முதலிலிருந்து கடைசி வரை ஒருமுறை.

ஏன் நாலாவது கடைசியில்? கைப்பிடிக்கக் கதை இல்லாத பகுதி அது ஒன்றுதான். காது பழகாத நிலையில் அதற்குள் போனால் தொலைந்துவிடுவோம். மற்ற ஐந்தையும் கேட்டபின் போனால், ஆர்கெஸ்ட்ராவின் குரல்கள் பழகியிருக்கும், பச்சை வெளியில் நடப்பதுபோல விட்டுவிடலாம்.

கச்சேரிக்கு முந்திய நாள் எதுவும் கேட்க வேண்டாம். கச்சேரி நாளிலும் வேண்டாம். சுடச்சுடப் பதிவைக் கேட்டுவிட்டுப் போனால் மனம் நேரில் வாசிப்பவர்களை அந்தப் பதிவோடு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும்.

7. கச்சேரி நாள்

காலையில் நேரம் இருந்தால் மெட்ரோ ‘சி’ வழியில் விஷெஹ்ராட் நிலையத்தில் இறங்கி, கோட்டைச் சுவர் மேல் ஒரு சுற்று நடங்கள். கீழே வல்தாவா ஓடுவது தெரியும். முதல் பகுதி நீங்கள் நிற்கும் இடம், இரண்டாவது கீழே ஓடுவது. இரண்டாவதின் முடிவில் ஏன் முதலாவதின் மெட்டு வருகிறது என்று அந்தச் சுவர் மேல் நின்றால் ஒரு நொடியில் விளங்கும். ஸ்மெதனாவின் கல்லறையும் அங்கேயே இருக்கிறது, இன்னொரு செக் இசையமைப்பாளரான த்வோர்ஷாக்கினுடையதும்தான். ‘வல்தாவா’வில் வரும் புனித யோவான் அருவியை மட்டும் தேடிப் போகாதீர்கள். 1940களில் எழுந்த ஸ்டியெஹோவிட்ஸெ அணையின் நீருக்கு அடியில் போய்விட்டது.

அரங்குக்கு அரை மணி நேரம் முன்னால் போய்விடுங்கள். கோட்டும் பையும் துணிக்காப்பறையில் கொடுத்தாக வேண்டும், அங்கே வரிசை இருக்கும். சில கச்சேரிகளில் மூன்றாவதுக்குப் பிறகு இடைவேளை விடுவார்கள், சிலவற்றில் இடைவேளையே இல்லாமல் ஆறையும் வாசித்துவிடுவார்கள். எது என்று வாசலிலேயே கேட்டுக்கொண்டு, இல்லை என்றால் கழிவறைக்கு முன்பே போய் வந்துவிடுங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து காபிக்குப் போகும் நம் சபா வழக்கம் இங்கே செல்லாது. கதவைச் சாத்திவிடுவார்கள். தொடையில் தாளம் போடுவதையும் கொஞ்சம் அடக்கிக்கொள்ள வேண்டும். நம் கை அறியாமலே போட ஆரம்பித்துவிடும். எனக்கு ஒரு பாட்டியம்மாவின் முறைப்பு கிடைத்திருக்கிறது.

மே 12 கச்சேரி என்றால் இன்னொன்று. குடியரசுத் தலைவர் வரும்போது ஸ்மெதனாவின் ‘லிபுஷெ’ என்ற இசைநாடகத்திலிருந்து எக்காள முழக்கம் ஊதுவார்கள், அப்புறம் நாட்டுப்பண். எல்லோரும் எழுந்து நிற்பார்கள், நீங்களும் நில்லுங்கள். கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்து ஹார்ப்பைத் தேட வேண்டாம்.

8. அரங்கில் எதைப் பிடித்துக்கொள்வது

ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்றோ இரண்டோ அடையாளம் மட்டும் சொல்கிறேன். இது போதும். மீதியெல்லாம் தானாக வந்து விழும்.

விஷெஹ்ராட்டில் ஹார்ப்கள் முடித்தபின் அதே நாலு சுரம் மற்றக் கருவிகளுக்குப் போகும். அதைத் தொடர்ந்து பெரிதாகி, நடுவில் சண்டையாகி, இடிந்து விழுந்தபின் ஹார்ப் மறுபடி வரும். அமைதியாக முடியும்.

வல்தாவாவின் தொடக்கத்தில் ஒரு ஃப்ளூட் தனியாகச் சலசலக்கும், இன்னொன்று சேரும், அப்புறம் கிளாரினெட்கள். இரண்டு ஊற்று. அவை கலந்ததும் வயலின்கள் அந்தப் பிரபலமான மெட்டை எடுக்கும். நம் காதுக்கு அது நடபைரவிச் சாயலில் ஏறி இறங்கும். அதை அனுபவியுங்கள், ஆனால் அதற்காகவே காத்திருக்காதீர்கள். காத்திருக்க வேண்டிய இடம் அருவிக்குப் பிறகு. அருவியில் பித்தளைக் கருவிகளும் டிம்பனியும் மோதி, சட்டென்று அந்த ஆரவாரம் திறந்து, அதே மெட்டு காந்தாரமும் தைவதமும் ஒரு படி உயர்ந்து சங்கராபரணப் பக்கமாக வரும். ஆறு அகன்றுவிட்டது. உடனே மேலிருந்து ப ச நி ப. காலையில் நின்ற சுவர்.

ஷார்காவில் கிளாரினெட்டும் செல்லோவும் பேசிக்கொள்ளும் இடத்தைப் பாருங்கள். கிளாரினெட் அவள், செல்லோ அவன். கொஞ்ச நேரத்தில் பஸூன் அடிக்குரலில் ஒரு சுரத்தைப் பிடித்து உறுமும். குறட்டைதான் அது, சிரிப்பு வந்தால் வரட்டும். அதன்பின் ஹார்ன் அழைப்பு. அந்த அழைப்பிலிருந்து முடிவு வரை மூச்சுவிட இடம் இருக்காது.

நாலாவதில் ஒரே ஒரு விஷயம். தொடக்கத்து ஆரவாரம் அடங்கியதும் வயலின்கள் ஒலியடக்கியைப் போட்டுக்கொண்டு மிக மெல்லியதாக ஒரு ஃபியூக் தொடங்கும். ஒரு குழு சொன்னதை அடுத்த குழு வாங்கிச் சொல்லும், அது முடியும் முன்னே அடுத்தது. எல்லாக் குரலையும் பின்தொடர முயலாதீர்கள், அங்கேதான் தலைவலி தொடங்கித் தூக்கத்தில் முடிகிறது. ஒரே குழுவின் வில்லைப் பார்த்துக்கொண்டிருங்கள். பிறகு ஒரு போல்கா நடனம் வந்து எழுப்பிவிடும்.

தாபோரில் ஹார்ன் இடிக்கும்போது பாட்டின் அடுத்த அடியை மனதுக்குள் பாடிக்கொண்டே இருங்கள். இசை அதைத் தரத் தாமதிக்கும்.

பிளானீக்கில் போர் ஓய்ந்ததும் ஓபோ ஆடு மேய்க்கும் பையனாக ஊதும், ஹார்ன் எதிரொலிக்கும். இந்த அமைதி கொஞ்ச நேரம்தான். அதன்பின் ஹுஸைட் பாட்டின் கடைசி அடி அணிவகுப்பாக மாறும். ‘அவரோடு இருந்தால் முடிவில் வெல்வீர்கள்’ என்பது அந்த அடியின் கருத்து. அந்த அணிவகுப்பு வளர்ந்து வளர்ந்து உச்சிக்குப் போகும்போது இன்னொரு மெட்டு அதன் மேல் ஏறி உட்காரும். ஹார்ப் இல்லை, முழு ஆர்கெஸ்ட்ரா. நாலு சுரம். பத்து நாள் உழைத்தது இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான்.

9. எப்போது கைதட்டுவது

ஆறும் முடிந்தபின். நடுவில் சிலர் தட்டினாலும் நீங்கள் தொடங்கிவைக்காதீர்கள்.

குறிப்பாக வல்தாவாவின் முடிவு ஒரு பொறி. பெரிய முழக்கம் முடிந்து, ஆறு தூரத்தில் மறைவதுபோல வயலின் ஒலி தேய்ந்து தேய்ந்து கிட்டத்தட்ட இல்லாமல் போகும். அங்கே தட்டிவிடத் தோன்றும். அடுத்த நொடியே முழு ஆர்கெஸ்ட்ராவும் இரண்டு அடி ஓங்கி அடிக்கும். அந்த இரண்டு அடிக்குப் பிறகுதான் முடிவு. நான் ஒருமுறை அந்த நிசப்தத்தில் தட்டியிருக்கிறேன், இரண்டு தட்டு. சரியாக அந்த நேரம் பார்த்து ஆர்கெஸ்ட்ரா அடித்ததால் தப்பித்தேன்.

சந்தேகம் வந்தால் கண்டக்டரின் கையைப் பாருங்கள். கை கீழே இறங்கித் தோள் தளரும் வரை இசை முடியவில்லை.

10. அடுத்த கச்சேரி: த்வோர்ஷாக்கின் நாலு

‘மா வ்லஸ்த்’ ஒருமுறை ஆனபின் அடுத்து த்வோர்ஷாக். 1896இல் அவர் நாலு சிம்பொனிக் கவிதை எழுதினார், நாலும் எர்பன் என்ற கவிஞரின் கதைப்பாடல்களிலிருந்து எடுத்தவை. பிராகில் மெட்ரோ ‘ஏ’ வழியில் ஸ்தரோமியெஸ்த்ஸ்கா நிலையத்தில் இறங்கினால் ருடோல்ஃபினும் பக்கத்தில். செக் ஃபில்ஹார்மோனிக்கின் வீடு அது. இந்த நாலும் பெரும்பாலும் கச்சேரிக்கு ஒன்றாகவே வரும், முன்னால் இது, பின்னால் ஏதாவது பெரிய சிம்பொனி.

இங்கே தயாரிப்பு நேர் எதிர். ஸ்மெதனாவுக்கு மெட்டு முதலில், த்வோர்ஷாக்குக்குக் கதை முதலில், அதுவும் முழுக் கதை. ஏனென்றால் இவர் கதையை வரிவரியாகப் பின்தொடர்கிறார். சில இடங்களில் எர்பனின் வரிகளை அப்படியே பாடும்படி மெட்டே அமைந்திருக்கும். கதை தெரியாமல் போனால் இசை ஏன் திடீரென்று திரும்புகிறது என்று விளங்காது.

‘நண்பகல் சூனியக்காரி’யில் தொடங்குங்கள், 14 நிமிடம்தான். சமையல் நேரம். குழந்தை சிணுங்குகிறது, ஓபோ. அம்மா பொறுமை இழந்து, “சும்மா இரு, இல்லாவிட்டால் நண்பகல் கிழவியைக் கூப்பிடுவேன்” என்கிறாள். நம் வீடுகளில் பூச்சாண்டியைக் கூப்பிடுவதுபோலத்தான். இங்கே அவள் வந்துவிடுகிறாள். ஒலியடக்கி போட்ட தந்திக் கருவிகளும் பாஸ் கிளாரினெட்டும் சேர்ந்து ஊர்ந்து வரும். ஆர்கெஸ்ட்ராவே குளிர்ந்துபோன மாதிரி இருக்கும். கொஞ்ச நேரத்தில் மணி பன்னிரண்டு அடிக்கும், எண்ணிப் பாருங்கள். அப்புறம் அப்பா சாப்பாட்டுக்கு வீடு திரும்புகிறார். அவருக்கு எதுவும் தெரியாது, அவருடைய இசைக்கும் தெரியாது, இதமாக நடந்து வரும். மயங்கிக் கிடக்கும் அம்மாவை எழுப்புகிறார். அணைத்த கைக்குள் குழந்தை இறந்து கிடக்கிறது. கதை தெரிந்தவருக்கு, வாசலில் அவர் காலடி வைக்கும் அந்த இதமான இசைதான் முழுப் படைப்பிலும் தாங்க முடியாத இடம்.

அடுத்து ‘நீர்ப்பூதம்’, அப்புறம் ‘காட்டுப்புறா’. ‘பொன் நூற்புச் சக்கரம்’ கடைசியில் வரட்டும். 25 நிமிடத்துக்கு மேல் ஓடும். கதையில் ஒரு பையன் அரண்மனைக்கு மூன்று தடவை போய்ப் பேரம் பேசுகிறான், இசையும் மூன்று தடவை அதே வழியில் போகும். கதை தெரியாதவர் இரண்டாம் தடவையே கடிகாரத்தைப் பார்ப்பார். தலைப்பு அழகாக இருக்கிறது என்று பலர் இதிலேயே தொடங்கி, த்வோர்ஷாக் நமக்குச் சரிப்படாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

11. அதற்கும் பிறகு: யானாச்செக்

‘தாராஸ் புல்பா’. மூன்றாவது செக் இசையமைப்பாளரான யானாச்செக் இதை ராப்ஸடி (கட்டற்ற வடிவுள்ள இசை) என்றுதான் அழைத்தார், ஆனால் கேட்கும் முறை ஒன்றுதான். மூன்று பகுதி, மூன்று மரணம் (தாராஸ் என்ற வீரனும் அவன் இரண்டு மகன்களும்), ஏறக்குறைய 23 நிமிடம். இங்கே மெட்டும் நீளமாக வராது, கதையும் வரிவரியாக வராது. எல்லாம் துண்டு துண்டாகத் தெறிக்கும். அதனால்தான் மூன்றாவதாக வைக்கிறேன்.

இரண்டாம் பகுதியில் மகன் ஆஸ்தாப்பைச் சித்திரவதை செய்யும்போது சிறிய கிளாரினெட் ஒன்று கிறீச்சிடும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் பகுதியின் முடிவுக்கு ஆர்கனும் மணிகளும். டிக்கெட் எடுக்கும்போது அரங்கில் உண்மையான குழாய் ஆர்கன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ருடோல்ஃபினுமிலும் ஸ்மெதனா அரங்கத்திலும் இருக்கிறது. ஒருமுறை வேறொரு ஊரில் மின் ஆர்கனும் ஒலிபெருக்கியும் வைத்து வாசித்தார்கள், கடைசி இரண்டு நிமிடம் எங்கேயோ பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல இருந்தது. குழாய் ஆர்கன் என்றால் நாற்காலியின் அடியில் அதிர்வு தெரியும், அப்போது காலைத் தரையில் நன்றாக ஊன்றி உட்காருங்கள்.